காயம் கேட்ட வாக்கு: பறங்கிமலையிலிருந்து காஜாங் வரை

காஜாங் என்றதும் சாத்தே மணம்தான் பலருக்கு நினைவில் எழும். ஆனால் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நகரம் வேறொரு காரணத்திற்காக நாடு முழுவதும் பேசப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர் லீ சின் செ ஜனவரியில் பதவி விலகினார். அன்வார் இப்ராஹிம் அங்கு வென்று சிலாங்கூர் மந்திரி பெசார் ஆவதற்கான வழி அது என்றே பலரும் கருதினர். மார்ச் 7ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அந்த வழியை அடைத்தது. அவருக்குப் பதிலாகத் துணைவியார் டாக்டர் வான் அஸிஸா களமிறங்கினார். ம.சீ.ச.வின் சியூ மெய் ஃபன்னை 5,379 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

வாக்குச்சீட்டில் ஒரு பெயர். வாக்காளர் மனத்தில் இன்னொரு முகம். இப்படியொரு தேர்தல் தமிழர்களுக்குப் புதிதல்ல.

கழுத்தில் ஒரு கட்டு

1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். தமிழகத் தேர்தல் நெருங்கியிருந்த நேரம் அது. பறங்கிமலைத் தொகுதியின் தி.மு.க. வேட்பாளரான அவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். தொகுதிக்குச் செல்ல முடியாத அவருக்காக, கழுத்தில் கட்டுடன் இருக்கும் அவரது படம் சுவரொட்டியாக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டது. அவர் வென்றார். தி.மு.க.வும் முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது.

அது ஒரு சுவரொட்டி தனித்துச் செய்த மாயமல்ல. அண்ணாவின் 'வேலைக்காரி' 1949லும், கலைஞர் வசனம் எழுதிய 'பராசக்தி' 1952லும் வெளிவந்தன. அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. எரியத் தயாராக இருந்த அடுப்பில்தான் அந்தப் படம் தீக்குச்சியாக விழுந்தது.

இங்கே நடந்தது

மலாயாவும் இந்த வித்தையை அறியும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில், தகவல் இலாகாவின் வாகனங்கள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்று திரை கட்டிப் படம் காட்டின. படத்தோடு அரசாங்கத்தின் செய்தியும் மக்களைச் சென்றடைந்தது. பின்னாளில் ம.இ.கா. தலைவரான டத்தோஸ்ரீ சாமிவேலு, வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். மேடை நாடகத்திலும் நடித்தவர். மேடையைக் கட்டிப்போடும் குரல் அவருடையது. எனினும் 2008இல் சுங்கை சிப்புட்டில் 1,821 வாக்குகளில் அவர் தோற்றபோது, அந்தக் குரலைவிட இந்தியர்களின் மனக்குமுறல் உரக்க ஒலித்தது.

1998 செப்டம்பரில் கைதான அன்வார், வீங்கிக் கறுத்த கண்ணோடு நீதிமன்றம் வந்தார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு வான் அஸிஸா தலைமையில் கெஅடிலான் கட்சி தோன்றியது. அதன் சின்னத்தைப் பொதுமக்கள் 'கண்' என்றே அழைக்கத் தொடங்கினர். பறங்கிமலையில் கழுத்து, இங்கே கண். 2014இல் காஜாங் வாக்காளர் கண்டதும் அதே சின்னத்தைத்தான்.

எடுபடாத நட்சத்திரம்

எல்லா நட்சத்திரமும் வாக்கைத் தருவதில்லை. 2013 பிப்ரவரியில் தேசிய முன்னணியின் சீனப் புத்தாண்டு விருந்துக்காகக் கொரியப் பாடகர் சைய் பினாங்கிற்கு அழைத்துவரப்பட்டார். அவருடைய 'கங்னம் ஸ்டைல்' உலகையே ஆட்டிவைத்த காலம். கூட்டமும் திரண்டது. சைய்யை வரவேற்கத் தயாரா என்று கேட்டபோது ஆம் என்று ஆர்ப்பரித்தவர்கள், தேசிய முன்னணிக்குத் தயாரா என்று பிரதமர் நஜிப் கேட்டபோது இல்லை என்று முழங்கினர். மே மாதத் தேர்தலில் பினாங்கு எதிரணியிடமே இருந்தது. 2017இல் சென்னையில் ரஜினிகாந்தை நஜிப் சந்தித்த படமும் தமிழர்களிடையே வலம் வந்தது. மறு ஆண்டு மே 9ஆம் நாள் அவரது ஆட்சி கவிழ்ந்தது.

மக்கள் மனத்தில் ஏற்கெனவே உள்ள வலியைச் சொல்லும் படம் வாக்காகிறது. வலியை மறக்கடிக்க வரும் பாட்டுக்குக் கைதட்டல் மட்டுமே கிடைக்கிறது.

படம் முடிந்த பிறகு

காஜாங்கின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இடைத்தேர்தலில் வென்ற வான் அஸிஸா மந்திரி பெசார் ஆகவில்லை. 2014 செப்டம்பரில் அப்பதவியை அஸ்மின் அலி ஏற்றார். வாக்காளர் எந்தக் காட்சிக்காக டிக்கெட் வாங்கினாரோ, அந்தக் காட்சி திரையில் வரவேயில்லை. அன்வார் பிரதமரானது 2022 நவம்பரில்தான். மறு ஆண்டு அவரும் ரஜினியை வரவேற்றுப் படம் வெளியிட்டார்.

தோட்டத் திடலின் திரை இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டால் இந்தியர் வாக்கு வந்துவிடும் என்று நம்பும் வேட்பாளர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கின்றனர். பாட்டை ரசிப்பதில் தவறில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும், அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு என்ன வழி, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் எங்கே என்று ஒரு குரல் எழ வேண்டும். கைதட்டுபவர் ரசிகர், அந்தக் கேள்வியைக் கேட்பவரே வாக்காளர்.