இறகுப்பந்தாட்டத்தில் 21 புள்ளி முறை

21 புள்ளி முறை என்பது இறகுப்பந்தாட்டப் போட்டிகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க 2006ஆம் ஆண்டு பன்னாட்டு அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட புள்ளியிடும் முறையாகும். இம்முறையில், சர்வீஸ் செய்தவர் யாராக இருப்பினும், ஒவ்வொரு ரேலியின் முடிவிலும் ஒரு புள்ளி வழங்கப்படுகிறது. சர்வீசில் தொடங்கி, இறகுப்பந்து தரையைத் தொடும்வரையோ தவறு நேரும்வரையோ இரு தரப்பினரும் மாறி மாறி அடிக்கும் தொடரே ரேலி எனப்படும்.

இதற்கு முன்பிருந்த 15 புள்ளி முறையில் சர்வீஸ் செய்யும் தரப்பு மட்டுமே புள்ளி பெற முடியும். புதிய முறை வந்தபோது ஆடுகளத்தின் அளவோ, வலையின் உயரமோ, மட்டையோ மாறவில்லை. ஆயினும் ஒரு தவறினால் ஆட்டக்காரர் இழப்பது என்ன என்பதை இந்த ஒரு விதி மாற்றிவிட்டது.

பழைய முறை

பழைய முறையில் ஒரு போட்டி மூன்று ஆட்டங்களைக் கொண்டது. இரண்டு ஆட்டங்களை வென்றவர் போட்டியை வென்றவராவார். ஆண்கள் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய பிரிவுகளில் ஓர் ஆட்டம் 15 புள்ளிகளையும், பெண்கள் ஒற்றையர் பிரிவில் 11 புள்ளிகளையும் கொண்டிருந்தது.

சர்வீஸ் செய்தவர் ரேலியை வென்றால் அவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். எதிராளி வென்றால் புள்ளி எதுவும் இல்லை. சர்வீஸ் செய்யும் உரிமை மட்டும் கைமாறும். இரட்டையர் ஆட்டத்தில் ஒரு தரப்பின் இருவரும் அடுத்தடுத்துச் சர்வீசை இழந்த பின்னரே உரிமை எதிர்த்தரப்புக்குச் செல்லும். ஆட்டத்தின் முதல் முறையில் மட்டும் ஒருவருக்கே சர்வீஸ் உண்டு.

பிரகாஷ் படுகோனே 1980ஆம் ஆண்டிலும் (15-3, 15-10), புல்லேலா கோபிசந்த் 2001ஆம் ஆண்டிலும் (15-12, 15-6) அனைத்து இங்கிலாந்துப் போட்டியின் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றது இம்முறையிலேயே ஆகும்.

மாற்றத்திற்கான காரணங்கள்

பழைய முறையில் பல ரேலிகள் தொடர்ந்து நடந்தும் புள்ளி நிலை அப்படியே நிற்கக்கூடும். ஒரு போட்டி அரை மணி நேரத்தில் முடியுமா, இரண்டு மணி நேரம் நீளுமா என்று முன்கூட்டியே கணிப்பதும் கடினம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டம் பதக்கத்திற்குரிய விளையாட்டாகச் சேர்க்கப்பட்ட பின்னர், தொலைக்காட்சி ஒளிபரப்பு முக்கியத்துவம் பெற்றது. இதனால் போட்டி நேரத்தைக் கட்டுக்குள் கொண்டுவரும் தேவை எழுந்தது.

பன்னாட்டு இறகுப்பந்தாட்டக் கூட்டமைப்பு முதலில், ஆட்டத்திற்கு 7 புள்ளிகள் வீதம் ஐந்து ஆட்டங்கள் கொண்ட முறையைச் சோதித்தது. 2002 அனைத்து இங்கிலாந்துப் போட்டியும், அதே ஆண்டின் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியும் அம்முறையில் நடைபெற்றன. அதிலும் சர்வீஸ் செய்பவருக்கு மட்டுமே புள்ளி என்ற விதி தொடர்ந்தது. அம்முறை விரைவில் கைவிடப்பட்டு, 2004 ஏதென்சு ஒலிம்பிக் மீண்டும் பழைய முறையிலேயே நடந்தது. பின்னர் 21 புள்ளி முறை சோதிக்கப்பட்டு, 2006 மே மாதத்தில் முறைப்படி ஏற்கப்பட்டது. அதே ஆண்டு இக்கூட்டமைப்பு உலக இறகுப்பந்தாட்டக் கூட்டமைப்பு எனப் பெயர் மாற்றம் பெற்றது.

21 புள்ளி முறையின் விதிகள்

- போட்டி மூன்று ஆட்டங்களைக் கொண்டது. முதலில் 21 புள்ளிகளை எட்டுபவர் ஆட்டத்தை வெல்வார். எல்லாப் பிரிவுகளுக்கும் இதே எண்ணிக்கைதான்.
- ரேலியை வெல்பவர் புள்ளியையும் அடுத்த சர்வீசையும் பெறுவார்.
- 20-20 என்ற சமநிலை ஏற்பட்டால் இரண்டு புள்ளிகள் முன்னிலை பெறுபவர் வெல்வார். 29-29 ஆனால் 30ஆவது புள்ளியைப் பெறுபவர் வெல்வார்.
- ஒருவர் 11 புள்ளிகளை எட்டியதும் அதிகபட்சம் 60 நொடிகளும், ஆட்டங்களுக்கு இடையே 2 நிமிடங்களும் இடைவேளை உண்டு.
- மூன்றாவது ஆட்டத்தில் ஒருவர் 11 புள்ளிகளை எட்டியதும் இரு தரப்பினரும் பக்கம் மாற வேண்டும்.
- இரட்டையர் ஆட்டத்தில் ஒரு தரப்புக்கு ஒரு சர்வீஸ் மட்டுமே. அதை இழந்தவுடன் உரிமை எதிர்த்தரப்புக்குச் செல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு

அமுதன், பரிதி என்ற இருவர் விளையாடுவதாகவும், அமுதன் முதலில் சர்வீஸ் செய்வதாகவும் கொள்வோம். முதல் ஆறு ரேலிகளை முறையே பரிதி, அமுதன், பரிதி, அமுதன், அமுதன், பரிதி ஆகியோர் வெல்கின்றனர். புதிய முறையில் புள்ளி நிலை 3-3. பழைய முறையிலோ அமுதன் தன் சர்வீசில் வென்ற ஐந்தாவது ரேலிக்கு மட்டுமே புள்ளி உண்டு. எனவே நிலை 1-0. மற்ற ஐந்து ரேலிகளும் சர்வீஸ் உரிமையை மாற்றியதோடு சரி.

சம வலிமை உடைய இருவர் ஆடும்போது, சர்வீஸ் செய்பவர் சராசரியாக இரண்டு ரேலிகளில் ஒன்றை வெல்வார் எனக் கொண்டால், பழைய முறையில் ஒரு புள்ளிக்குச் சராசரியாக இரண்டு ரேலிகள் தேவைப்படும். 15-10 என முடிந்த ஆட்டத்தில் ஏறத்தாழ 50 ரேலிகள் நடந்திருக்கும். புதிய முறையில் 21-17 என முடிந்த ஆட்டத்தில் சரியாக 38 ரேலிகள் நடந்திருக்கும்.

ஆட்டத்தில் ஏற்பட்ட மாற்றங்கள்

சர்வீசின் மதிப்பு: டென்னிசைப் போல இறகுப்பந்தாட்டத்தில் சர்வீஸ் ஒரு தாக்குதல் அடி அன்று. பந்தைத் தாழ்ந்த உயரத்திலிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டியிருப்பதால், குறிப்பாக இரட்டையர் ஆட்டத்தில், எதிராளிக்கே தாக்கும் வாய்ப்பு அதிகம். பழைய முறையில் புள்ளி பெறும் உரிமை என்பதே சர்வீசின் மதிப்பாக இருந்தது. புதிய முறையில் அது ரேலியின் தொடக்கம் மட்டுமே. பழைய முறையில் சர்வீஸ் வலையில் பட்டு விழுந்தால் சர்வீஸ் மட்டுமே போகும். புதிய முறையில் ஒரு புள்ளியும் சேர்ந்து போகும்.

வலிமை வேறுபாடு: ஒருவர், சர்வீஸ் யாருடையதாயினும், 100 ரேலிகளில் 60ஐ வெல்லக்கூடியவர் எனக் கொள்வோம். புதிய முறையில் அடுத்த புள்ளி அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு எப்போதும் 60 விழுக்காடு. பழைய முறையில் அவர் கையில் சர்வீஸ் இருக்கும்போது அவ்வாய்ப்பு ஏறத்தாழ 79 விழுக்காடாகவும், எதிராளியிடம் இருக்கும்போது ஏறத்தாழ 47 விழுக்காடாகவும் அமையும். எனவே பழைய முறையில் ஒருவரே தொடர்ச்சியாகப் பல புள்ளிகள் குவிப்பது எளிதாக இருந்தது.

பின்தங்கியவரின் நிலை: பழைய முறையில் 6-14 எனப் பின்தங்கியவர் தன் சர்வீசில் ஒரு ரேலியை இழந்தாலும் போட்டியில் நீடிக்கலாம். எதிராளி தன் சொந்தச் சர்வீசில் வென்றால்தான் ஆட்டம் முடியும். புதிய முறையில் 12-20 என இருப்பவர் சமநிலையை எட்ட எட்டு ரேலிகளைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். இடையில் ஒன்றை இழந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். மெதுவாகத் தொடங்கி எதிராளியைக் களைப்படையச் செய்து பின்னர் மீள்வது என்ற உத்தி இதனால் கடினமாயிற்று; முதல் புள்ளியிலிருந்தே கவனம் தேவைப்படுகிறது.

ஓய்வும் அறிவுரையும்: பழைய முறையில் மூன்றாவது ஆட்டத்திற்கு முன் 5 நிமிட ஓய்வு இருந்தது, அது 2 நிமிடங்களாகக் குறைந்தது. மறுபுறம், 11 புள்ளி இடைவேளையில் பயிற்சியாளரின் அறிவுரையைப் பெற்று ஆட்டத்தின் நடுவிலேயே உத்தியை மாற்ற முடிகிறது.

பெண்கள் ஒற்றையர்: ஆண்களுக்கு 15, பெண்களுக்கு 11 என்ற வேறுபாடு நீங்கியது.

நேரம் குறைந்ததா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த இரண்டு உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிகள் இக்கேள்விக்குத் தக்க ஒப்பீடாகும். 1997இல் டென்மார்க்கின் பீட்டர் ராஸ்முசென் சீனாவின் சுன் ஜுன்னை 16-17, 18-13, 15-10 என வென்றார். மொத்தம் 89 புள்ளிகளுக்கு 124 நிமிடங்கள் ஆயின. புதிய முறையில் 2017இல் நடந்த பெண்கள் ஒற்றையர் இறுதியில் ஜப்பானின் நொசோமி ஒக்குஹாரா இந்தியாவின் பி. வி. சிந்துவை 19-21, 22-20, 20-22 என்ற புள்ளிகளுடன் (சிந்துவின் புள்ளிகள் முதலில்) வென்றார். இங்கு 124 புள்ளிகளுக்கு 110 நிமிடங்கள் ஆயின. இப்போட்டியில் ஒரு ரேலி மட்டும் 73 அடிகள் நீண்டது.

2016 ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் ஜப்பான், இந்தோனேசிய இணைகளுக்கு இடையிலான பெண்கள் இரட்டையர் ஆட்டம் 161 நிமிடங்கள் நீடித்தது. இதிலிருந்து, புதிய விதி ரேலிகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்ச எல்லையை மட்டுமே வைத்தது என்பது தெளிவாகும். ஓர் ஆட்டத்தில் 59 ரேலிகளுக்கு மேல் நடக்க இயலாது. ஆனால் ஒவ்வொரு ரேலியும் எவ்வளவு நீளும் என்பது ஆடுபவர்களின் கையில்தான் உள்ளது.

பின்னர் எழுந்த முன்மொழிவுகள்

போட்டி நேரத்தை மேலும் குறைக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. ஆட்டத்திற்கு 11 புள்ளிகள் வீதம் ஐந்து ஆட்டங்கள் என்ற முன்மொழிவு 2018ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைப் பெறவில்லை. 2021இல் அதே முன்மொழிவு 66.31 விழுக்காடு வாக்குகளைப் பெற்று, மிகச் சிறிய வேறுபாட்டில் தோற்றது. 2025ஆம் ஆண்டில், 15 புள்ளிகள் கொண்ட மூன்று ஆட்ட முறை சில போட்டிகளில் சோதிக்கப்பட்டது. இம்முன்மொழிவுகள் அனைத்தும் புள்ளிகளின் எண்ணிக்கையையே மாற்ற முயன்றன. ஒவ்வொரு ரேலிக்கும் ஒரு புள்ளி என்ற 2006ஆம் ஆண்டின் அடிப்படையை இவற்றில் எதுவும் கைவிடவில்லை.