சிறுவர் நரம்பியற் பயிற்சியின் தோற்றமும் அதன் சமூக அடிப்படையும்

மருத்துவத்தின் சிறப்புத் துறைகள் தோன்றிய வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் மேதைகளின் பெயர்களை நிரைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். ஒரு நோயை முதலில் விவரித்தவர் யார், முதல் நூலை எழுதியவர் யார் என்பன அறியப்பட வேண்டியனவே. ஆயினும், ஒரு துறை நிலைபெறுவது அதனை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் பயிற்சி ஒழுங்கு அமையும்போதுதான். அவ்வொழுங்கு யாருடைய செலவில், யாருடைய நோயைப் பாடமாகக் கொண்டு அமைந்தது என்ற வினாவை, ஐக்கிய அமெரிக்காவின் சிறுவர் நரம்பியல் வதிவிடப் பயிற்சியை முன்வைத்து இங்கு ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்துறைக்கெனத் தனிப் பயிற்சி எதுவும் இருக்கவில்லை. நியூயோர்க்கைச் சேர்ந்த பேர்னாட் சாக்ஸ், வியன்னா, பாரிஸ், லண்டன் ஆகிய நகரங்களுக்குச் சென்று அங்கிருந்த ஆசிரியர்களிடம் நரம்பியலைக் கற்றார். 1895இல் சிறுவரின் நரம்பு நோய்கள் பற்றிய விரிவான நூலொன்றை வெளியிட்டார். கடல் கடந்து கற்பது பொருள் வசதியும் தொடர்புகளும் உடையோர்க்கே இயல்வதாயிருந்தது. வியன்னாவிலோ, பின்னர் உளப்பகுப்பாய்வினாற் புகழ்பெற்ற சிக்மண்ட் புரொய்ட், காசோவிற்ஸ் என்பாரின் பொதுச் சிறுவர் சிகிச்சை நிலையத்தில் 1886 முதல் பத்தாண்டுகள் நரம்பியற் பிரிவை நடத்தினார். அங்கு வந்த சாதாரண மக்களின் பிள்ளைகளே பெருமூளை வாதம் பற்றி அவர் எழுதிய ஆய்வுகளுக்கு ஆதாரமாயினர்.

இத்துறைக்குத் தனிப் பயிற்சி ஏன் வேண்டப்பட்டது? பாதத்தின் அடிப்புறத்தைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி வளைவது, வளர்ந்தவரிடத்து மூளை அல்லது முண்ணாணின் பழுதைக் காட்டும் குறி. பிறந்த குழந்தையிடத்தோ அது இயல்பானது. நரம்பு மண்டலம் முதிர முதிரவே அது மறையும். ஆகவே வளர்ந்தோரை மட்டும் பார்த்துப் பழகிய நரம்பியலாளர் நலமான குழந்தையை நோயாளியாகக் கருத இடமுண்டு. பழுது நரம்பு மண்டலத்தின் எப்பகுதியில் உள்ளது எனக் கணிக்கும் முறையைக் குழந்தை வைத்தியர் முழுமையாகக் கற்பதில்லை. இவ்விடைவெளியை நிரப்ப முற்பட்டோருள் பொஸ்டனின் புரொன்சன் குரொதர்ஸ், 1937இல் பாடநூல் எழுதிய பால்ற்றிமோரின் பிராங்க் போர்ட் ஆகியோர் முதன்மையானவர். எனினும், இத்தகைய ஓரிருவரின் அருகிருந்து கற்பதே அன்றைய பயிற்சியாக இருந்தது.

இந்நிலையை மாற்றியது அரச நிதியாகும். 1950இல் நரம்பு நோய்களுக்கான தேசிய நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் பயிற்சி மானியங்களால், சொந்தச் செல்வமில்லாத இளம் வைத்தியரும் இத்துறையை நாட முடிந்தது. 1960களின் இறுதியில் இதற்கெனச் சிறப்புத் தகைமைத் தேர்வு ஏற்பட்டது. 1972இல் சிறுவர் நரம்பியற் சங்கம் தோன்றியது. பயிற்சிக் காலம் பொதுவாக ஐந்தாண்டுகளாயிற்று. குழந்தை மருத்துவத்தில் இரண்டாண்டுகள், நரம்பியலில் மூன்றாண்டுகள்; அம்மூன்றில் ஓராண்டு வளர்ந்தோரிடத்து. இரு துறைகளின் உரிமைகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டையும் இப்பகுப்பிற் காணலாம்.

அரச நிதி ஆய்வுக்கும் வழிவகுத்தது. 1959 முதல் 1966 வரை, பன்னிரு பல்கலைக்கழக மருத்துவ நிலையங்களில் 50,000இற்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் பதிவுசெய்யப்பட்டு, பிறந்த குழந்தைகள் ஏழு வயதுவரை அவதானிக்கப்பட்டனர். தாய்மாருள் ஏறத்தாழ அரைவாசியினர் கறுப்பின மக்கள். பெருமூளை வாதம் பெரும்பாலும் பிரசவத்தின்போது மூச்சுத் திணறியதால் விளைவது என்ற நெடுங்கால நம்பிக்கையை, இத்தரவுகளைக் கொண்டு 1986இல் வெளியான ஆய்வு ஆட்டங்காணச் செய்தது. கடினமான பிரசவமே முன்பிருந்த குறைபாடொன்றின் அறிகுறியாக இருக்கலாம் எனப் புரொய்ட் 1897இல் எழுதியது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆனால் நிதியின் போக்கு குழந்தைகளின் தேவையைத் தொடரவில்லை. 1973இல் நிக்சன் அரசாங்கம் பயிற்சி மானியங்களைக் கைவிட முனைந்தது; 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஆய்வுப் பயிற்சிக்கே முதன்மை அளித்தது. வதிவிட வைத்தியரைப் பயிற்றும் செலவில் பெரும்பங்கை, முதியோருக்கென 1965இல் ஏற்பட்ட மெடிக்கெயர் காப்புறுதித் திட்டம் ஏற்றுவந்தது. அக்கொடுப்பனவோ மருத்துவமனையிலுள்ள மெடிக்கெயர் நோயாளரின் பங்கைப் பொறுத்தது. முதியோர் சேராத தனிச் சிறுவர் மருத்துவமனைகள் இதனால் மிகச் சொற்பமே பெற்றன. அவற்றுக்கெனத் தனி நிதித் திட்டமொன்று 1999இலேயே சட்டமாயிற்று. சிறுவரின் வைத்தியரைப் பயிற்றுவதற்கான பணம் முப்பத்துநான்கு ஆண்டுகள் முதியோரின் கட்டில்களை எண்ணியே பங்கிடப்பட்டமை வெறும் நிருவாகத் தவறன்று. வாக்குரிமையற்ற குழந்தைகளின் தேவை அரசியலில் எத்துணை எளிதாகப் பின்தள்ளப்படுகிறது என்பதற்கு இது சான்று.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சிறுவர் நரம்பியலாளரின் திறன் தனிமனித உழைப்பின் பேறு மட்டுமன்று என்பது புலனாகும். பொதுச் சிகிச்சை நிலையங்களின் பிள்ளைகளும், ஆய்வுக்கு இசைந்த தாய்மாரும், வரி செலுத்திய மக்களும் அதன் உருவாக்கத்திற் பங்காளர்கள். அத்திறனின் பயனை விலை கொடுக்க வல்லோர்க்கு மட்டும் உரியதாக்குவது, அதனை ஆக்கியோரின் உரிமையை மறுப்பதேயாகும் என்பது நமது துணிபு.