சோற்றுக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தால்...

சைனீஸ் உணவு என்றாலே ஃப்ரைடு ரைஸும் நூடுல்ஸும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அதனாலேயே மாவுச்சத்தைக் குறைக்கும் டயட்டில் இறங்குபவர்கள் முதலில் தலைமுழுகுவது சீன உணவகத்தைத்தான். ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

மாவுச்சத்துக் குறைப்பு ஒன்றும் புதிது இல்லை. 1863-இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பேண்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடம்பு இளைத்த கதையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பது அவருடைய தொழில்! நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து, 1972-இல் நியூயார்க் டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய டயட் புத்தகம் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1972 பிப்ரவரியில்தான் அதிபர் நிக்சன் பீஜிங் போனார். அவர் சாப்ஸ்டிக் பிடித்து விருந்து சாப்பிட்டதை டிவியில் பார்த்த அமெரிக்கர்களுக்குச் சீன உணவு மேல் ஆசை கூடியது. ஒரே வருடத்தில் ஒரு பக்கம் சீன உணவு மோகம், இன்னொரு பக்கம் மாவுச்சத்து பயம்.

இரண்டும் ஒத்துப்போகுமா? அதற்குச் சீனர்களின் சாப்பாட்டு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் சாப்பாட்டை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சோறு, நூடுல்ஸ், ஆவியில் வேகவைத்த மாவுப் பண்டங்கள் எல்லாம் 'ஃபான்'. காய், மீன், இறைச்சி, டோஃபு எல்லாம் 'ட்சாய்'. ஃபான்தான் சாப்பாடு. ட்சாய் அதற்குத் துணை. ஆனால் இரண்டும் தனித்தனிப் பாத்திரத்தில் வரும். பெரிய விருந்துகளில் வரிசையே தலைகீழ். துணைப் பண்டங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும், சோறு கடைசியில் வரும், சில சமயம் வராமலே போகும். வந்தவர்களைச் சோற்றால் வயிறு நிரப்ப வைப்பது விருந்து கொடுப்பவருக்குக் கௌரவக் குறைச்சல். ஆக, சோறு குறைந்த சாப்பாடு சீனாவில் எப்போதோ இருந்தது, ஆனால் வசதி உள்ளவர்களின் மேஜையில்.

அப்படியென்றால் டயட்காரருக்கு எங்கே சிக்கல்? சோற்றைவிட, சோறில்லாத தட்டில் ஒளிந்திருக்கும் சர்க்கரையும் சோளமாவும்தான் சிக்கல். சீனாவிலும் மாவு சேர்த்துக் குழம்பைக் கெட்டியாக்குவார்கள். ஊசி (வூஷி) நகரத்துச் சமையல் இனிப்புக்குப் பெயர் போனது. ஆனாலும் அமெரிக்க மெனுவில் இருக்கும் அளவு இனிப்புக்குப் பின்னால் வேறு வரலாறு உண்டு.

1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் வருவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. அது 1943 வரை நீடித்தது. மற்ற வேலைகளில் கதவு அடைபட்ட சீனர்கள் சலவைக் கடையும் உணவகமும் நடத்திப் பிழைத்தார்கள். வாடிக்கையாளர் நாக்குக்கு ஏற்பச் சமைத்தால்தான் கல்லாவில் காசு விழும். அப்படித்தான் சாப் சூயி பிரபலமானது.

'ஜெனரல் ட்சோ சிக்கன்' இன்னொரு உதாரணம். ஹூனானில் பிறந்த பெங் சாங்-குவெய் என்ற சமையல்காரர் தைவானில் 1950களில் உருவாக்கியது இது. அவர் செய்முறையில் காரமும் புளிப்பும் உப்பும்தான் தூக்கல், சர்க்கரை கிடையாது. 1970களில் நியூயார்க் போன பிறகுதான் அது மாவில் பொரித்து இனிப்புச் சாஸில் புரட்டிய கோழியாக மாறியது.

ஆகவே மாவுச்சத்தைக் குறைக்க நினைப்பவர் சீன உணவை விட வேண்டியதில்லை. இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு ஆவியில் வேகவைத்த மீன், பூண்டு போட்டு வதக்கிய கீரை, டோஃபு, முட்டை சேர்த்த தெளிவான சூப் என்று எத்தனையோ இருக்கின்றன. மாவில் முக்கிப் பொரித்ததையும் இனிப்புச் சாஸையும் தவிர்த்தால் பாதி வேலை முடிந்தது. சோயா சாஸில் உப்பு அதிகம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைச் சட்டென்று நிறுத்தக்கூடாது.

ஆனாலும் சோற்றைத் தள்ளுவது சீனர்களுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. 'சோறு சாப்பிட்டாயா' என்பதே அங்கே குசலம் விசாரிக்கும் விதம். நிரந்தர அரசு வேலைக்குப் பெயர் 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்'. 1959 முதல் 1961 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். அதில் பிழைத்தவர்களுக்கு ஒரு கிண்ணம் சோறு என்றால் உயிர்.

அதே சீனாவில் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்கள் 14 கோடிக்கும் மேல். உலகிலேயே அதிகம். சோற்றுக்காக ஏங்கிய தலைமுறையிடம்தான் இப்போது டாக்டர்கள் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் வழி அவர்கள் மேஜையிலேயே இருக்கிறது. சோறு தனிக் கிண்ணத்தில் இருப்பதால், சமையலை மாற்ற வேண்டாம். கிண்ணத்தைச் சிறிதாக்கினால் போதும்.