மனச்சிதைவு நோயில் விழுங்குதல் சிரமம்

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் சிலருக்கு உணவு, நீர், எச்சில் ஆகியவை தொண்டையில் சிக்காமல் இரைப்பைக்கு இறங்குவதில் தடங்கல் ஏற்படுகிறது. தொண்டை அடைத்து நேரும் மரணம் பொதுமக்களைவிட இவர்களிடையே அதிகம். ‘அவர் சாப்பிடும் விதமே அப்படித்தான்’ என்று வீட்டிலும் விடுதியிலும் விட்டுவிடுவதால் இச்சிரமம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. காரணத்தைக் கண்டறிந்தால் பலருக்கு இதைக் குறைக்க முடியும்.

விழுங்கும் முறை

மென்ற உணவை நாக்கு உருட்டிப் பின்னால் தள்ளுகிறது. அது தொண்டையை அடையும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கிறது, உணவுக்குழாய் திறக்கிறது. இந்த ஒழுங்கு பிசகினால் புரையேறும். இருமல்கூட வராமல் உணவு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குவதும் உண்டு.

காரணங்கள்

1950களில் குளோர்புரோமசின் புழக்கத்துக்கு வந்தது முதல் மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் பெரும்பாலான மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதும் டோபமின்தான். அதனால் சிலருக்குப் பார்க்கின்சன் நோயில் நேர்வதுபோல நாக்கும் தாடையும் மந்தமாகின்றன. மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலோ நாட்களிலோ தொண்டைத் தசைகள் திடீரென இறுகிக்கொள்ளலாம். இது அவசர சிகிச்சைக்குரியது. நீண்டகாலம் மருந்து உட்கொண்டவர்களில் சிலருக்கு நாக்கும் உதடும் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும். குளோசபின் என்ற மருந்து எச்சிலைப் பெருக்குகிறது. இரவில் தலையணை நனையும். இம்மருந்துகளால் வரும் கைநடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் வாயை உலரச் செய்கிறது. மருந்து தரும் தூக்கக் கலக்கமும் விழுங்குவதைக் கெடுக்கும்.

முதல் கவளம் இறங்கும் முன்பே அடுத்ததைத் திணிப்பது, மெல்லாமல் விழுங்குவது, பற்கள் இல்லாமை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. உணவில் நஞ்சு கலந்திருப்பதாக நம்பி உண்ண மறுப்பது வேறு. அதையும் விழுங்கும் சிரமத்தையும் பிரித்தறிய வேண்டும்.

அறிகுறிகளும் பரிசோதனையும்

தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் கரகரப்பது, கன்னத்தில் சோறு தங்குவது, எச்சில் வடிவது, எடை குறைவது, அடிக்கடி நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் வருவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர் நோயாளி உண்பதை அருகிருந்து கவனிப்பார். தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். மூக்கு வழியே எண்டோஸ்கோப்பி செய்வதும் உண்டு.

சிகிச்சையும் கவனிப்பும்

மருந்து காரணமாக இருந்தால், மனநல மருத்துவர் அதன் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். வீட்டார் தாமாக மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் ஆபத்து உண்டு. நோயாளிக்கு ஏற்ற பதத்தைத் தேர்ந்தெடுக்க, உணவு, பானங்களின் பதத்தை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாக வகுக்கும் பன்னாட்டு முறை ஒன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு கவளமாக, ஒன்று இறங்கியபின் அடுத்ததைத் தர வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. வாயைச் சுத்தமாக வைத்திருப்பது நிமோனியாவைத் தடுக்க உதவும்.

முதலுதவி

தொண்டை அடைத்தவரால் இரும முடிந்தால் இரும விட வேண்டும். பேசவோ இருமவோ முடியாவிட்டால், முன்னே குனிய வைத்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். அருகில் இருக்கும் மற்றொருவர் உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி இதய இயக்க மீட்பை (சிபிஆர்) தொடங்க வேண்டும்.