நோட்டுப் புத்தகமும் சிபாரிசுக் கடிதமும்

ஏர்க்காட்டில் மழை பிடித்துக்கொண்ட மாலை. ஏரி இருந்த இடமே தெரியாமல் மஞ்சு மூடியிருந்தது. நான் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளை மெல்ல வந்து உட்கார்ந்தான். மேல்படிப்புக்குப் பேராசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டுமாம்.

"போய்க் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, மாமா" என்றான்.

அவனுக்கு ராமானுஜனைப் பற்றிச் சொன்னேன். இந்த மலைக்குக் கீழே சேலம். சேலத்துக்குத் தெற்கே நாமக்கல். அங்கே குடிகொண்ட நாமகிரித் தாயார்தான் அவர் குடும்பத்தின் தெய்வம்.

எப்.ஏ. பரீட்சையில் தேறாத அந்த இளைஞர், 1910-இல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், 1907-இல் கணித சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நீட்டியதோ ஒரு நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிய ஐயருக்கு, அந்த மேதையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் போட்டு நசுக்க மனம் வரவில்லை. வேலை கொடுக்காமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

பசி காத்திருக்குமா? 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு மனுப் போட்டார். கூடவே மாகாணக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசு. மார்ச் முதல் தேதி வேலை கிடைத்தது; மாதம் 30 ரூபாய்.

மறுவருஷம் ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அதில் இருந்தவை தேற்றங்கள். அவற்றை மதித்துப் பதில் வந்தது. பிறகுதான், பிப்ரவரி 27-இல், மனத்தைத் திறந்தார்: நான் அரைப் பட்டினிக்காரன், மூளையைக் காப்பாற்றச் சோறு வேண்டும், தாங்கள் அனுதாபத்துடன் ஒரு கடிதம் எழுதினால், சர்வகலாசாலையிடமோ சர்க்காரிடமோ உபகாரச் சம்பளம் பெற உதவும். அதற்கு முதல் நாளே, வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருக்காகச் சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதியிருந்தார். மே மாதம் முதல் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் வந்தது.

"அவருக்கு நோட்டுப் புத்தகம் இருந்தது, மாமா. எனக்கு?" என்றான் பையன்.

நியாயமான கேள்விதான். "ராமானுஜன் ஆக வேண்டாம், அப்பா. நீ செய்த வேலை எதுவோ, அதை எடுத்துக்கொண்டு போ. கையெழுத்துப் போடுகிறவர் தம் பெயரையே உனக்கு ஜாமீனாகத் தருகிறார். எதை நம்பித் தருவது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன்.

மறுநாள் காலை சேலம் பஸ்ஸில் ஏறியபோது, அவன் கக்கத்தில் காகிதத்தில் சுற்றிய ஒரு நோட்டு இருந்தது. மழைச் சாரல் படாமல் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.