ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்

ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான், 2007 டிசம்பர் 28 அன்று வெளியான இந்தி அசைவூட்டத் திரைப்படம். ஹனுமான் ரிட்டர்ன்ஸ் என்ற பெயராலும் அறியப்படுகிறது. இயக்கம் அனுராக் காஷ்யப், இசை தபஸ் ரெலியா. மும்பையின் பெர்செப்ட் பிக்சர் கம்பெனியும் திருவனந்தபுரத்தின் டூன்ஸ் அனிமேஷன் நிறுவனமும் சேர்ந்து தயாரித்தன. 2005இல் வெளியான ஹனுமான் படத்தின் இரண்டாம் பாகம் என்று அறிமுகமானாலும், கதையளவில் இது தனிப்படம். சிறுவர்களுக்கான சிரிப்புப் படமாக விளம்பரம் பெற்ற இதன் உள்ளே, மனிதரின் தீச்செயலால் உலகம் கெடுவதைப் பற்றிய கலக்கம் ஓடுகிறது.

பின்னணி

இந்தியத் திரைக்கு வந்த முழுநீள அசைவூட்டப் படங்கள் பெரும்பாலும் இதிகாச புராணங்களையே நாடின. யூகோ சாகோவும் ராம் மோகனும் ஈடுபட்ட இந்திய-ஜப்பானியக் கூட்டு முயற்சியான ராமாயணப் படம் 1990களின் தொடக்கத்தில் உருவானது. சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ் 2000இல் பாண்டவர் கதையை ஆங்கிலத்தில் எடுத்தது. வி. ஜி. சாமந்தும் மிலிந்த் உகேயும் இயக்கிய ஹனுமான், 2005 அக்டோபரில் வெளியாகி வசூலிலும் வென்று, இத்துறைக்குத் தெம்பூட்டியது. 2007இல் இந்தியில் பால் கணேஷ் வந்தது. அதே ஆண்டு தமிழில் இளையராஜா இசையில் இனிமே நாங்கதான் வந்தது. ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான் இந்த அலையின் உச்சத்தில் வெளிவந்த படம்.

தயாரிப்பு

டூன்ஸ், 1999இல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் தொடங்கப்பட்ட நிறுவனம். கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பான தெனாலிராமன் தொடரால் பெயர் பெற்றது. மும்பையின் கதையும் கேரளத்தின் படக்கலையும் சேர்ந்ததால், இந்திப் படமானாலும் கேரள அசைவூட்டத் துறையின் வரலாற்றில் இதற்கு இடமுண்டு.

இயக்குநர் தேர்வுதான் பலரை வியக்க வைத்தது. காஷ்யப்பின் முதல் படமான பாஞ்ச் தணிக்கைச் சிக்கலில் மாட்டித் திரையரங்குகளை எட்டவில்லை. 1993 மும்பை குண்டுவெடிப்புகளைப் பற்றிய பிளாக் ஃபிரைடே, நீதிமன்றத் தடையில் கிடந்து 2007 பிப்ரவரியில் வெளிவந்தது. புகைப்பழக்கத்தை விடப்போகும் ஒருவன் கொடுங்கனவுக்குள் விழும் நோ ஸ்மோக்கிங் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. இரண்டு மாதம் கழித்து, அதே இயக்குநரின் சிறுவர் படம்.

கதைச் சுருக்கம்

தேவலோகத்தில் அலுத்துப்போன அனுமன், மனிதக் குழந்தையாகப் பிறக்க ஆசைப்படுகிறார். பிரம்மா நிபந்தனைகளோடு சம்மதிக்கிறார். பஜ்ரங்பூர் என்னும் கிராமத்தில் மாருதியாகப் பிறந்து, அடங்காத பசியாலும் அளவற்ற பலத்தாலும் ஊரை அதிரவைக்கிறான் குழந்தை. பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் சிக்கித் தவிக்கும் ஒரு சிறுவனுக்குத் துணையாகிறான். தேவர்கள் கணினியோடு அலுவலகம் நடத்துவது போன்ற நையாண்டிகள் படம் நெடுக உண்டு. பின்பாதியில் அசுரகுரு சுக்கிராச்சாரியாரும் இராகு, கேதுவும் எழ, சிறுவன் மாருதி தன் உண்மை உருவை வெளிக்காட்ட வேண்டிய நிலை வருகிறது.

புராண அடிப்படை

இராகுவை வில்லனாக்கியது வெறும் கற்பனையல்ல. வான்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில், குழந்தை அனுமன் சூரியனைப் பழமென்று எண்ணித் தாவும்போது, கிரகணத்துக்காக அங்கே வரும் இராகு அஞ்சி ஓடி இந்திரனிடம் முறையிடுகிறான். இந்திரனின் வச்சிராயுதம் தாக்கிக் குழந்தையின் தாடை முறிகிறது. மகன் விழுந்த துயரில் வாயு தேவன் காற்றை அடக்கிக்கொள்ள, உலகத்து உயிர்கள் மூச்சுக்குத் திணறுகின்றன. பிரம்மா தொட்டுக் குழந்தை உயிர்த்தெழுந்த பிறகே காற்று மீண்டும் வீசுகிறது; அதன்பின் தேவர்கள் வரம் தருகிறார்கள். ஆகவே அனுமனின் பால பருவக் கதையே ஒரு குழந்தை அடிபட்டு விழுவதும் உலகம் மூச்சடைப்பதும் கொண்டது. படம் புதிதாக இருளைப் புகுத்தவில்லை. பக்திப்படங்கள் மெழுகி மறைத்ததைத் திறந்து காட்டியது.

இருண்ட இழை

படத்தில் அசுர சக்திக்கு உரமாவது மனிதரின் பொறுப்பின்மை. சுற்றுச்சூழலைக் கெடுப்பதும் அதில் அடக்கம். புராணத்தில் காற்றை நிறுத்தியவன் தந்தை. இங்கே காற்றைக் கெடுப்பவர்கள் நாம். சரிசெய்ய வருபவன் அந்தக் காற்றின் மைந்தன். இப்படிப் படித்தால் படத்தின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பள்ளியில் பலவீனனை அடிக்கும் பையன்கள் சிறிய அளவில் செய்வதையே, பின்பாதி அசுரர்கள் உலக அளவில் செய்கிறார்கள். ஆனால் நையாண்டியும் பேரழிவும் ஒரே படத்துக்குள் அடுத்தடுத்து வருவதால், சிரிப்பதா அஞ்சுவதா என்று பார்வையாளர் தடுமாறும் இடங்களும் உண்டு. அதுவே இதன் குறை.

தொடர்ப்படங்கள் முதல் பாகத்தைவிடக் கனப்பது பிற நாடுகளிலும் உண்டு. டாய் ஸ்டோரி 3இல் (2010) பொம்மைகள் கைகோத்து எரிஉலையை எதிர்கொள்கின்றன. ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன் படத்தின் இரண்டாம் பாகத்தில் (2014) நாயகனின் தந்தை அவன் கண்முன்னே இறக்கிறார். அவற்றில் இழப்பு தனி வாழ்வைச் சேர்ந்தது. ரிட்டர்ன் ஆஃப் ஹனுமானில் கேடு ஊருக்கும் உலகுக்கும் பொது.

பின்விளைவு

அடுத்த ஆண்டே சிங்கீதம் சீனிவாசராவின் கடோத்கஜன் படமும், யஷ் ராஜ் பிலிம்ஸும் டிஸ்னியும் சேர்ந்து எடுத்த ரோட்சைட் ரோமியோவும் வெளிவந்தன. 2017இல் ருச்சி நாராயண் இயக்கிய ஹனுமான் டா தம்தார் என்ற முழுநீள அசைவூட்டப் படத்திலும் அனுமன் வந்தார். அது இந்தப் படத்தின் தொடர்ச்சியல்ல.