கடல் கடந்த சத்திரசிகிச்சையும் கரையில் தொடரும் ஆபத்தும்: அன்புவழிபுரத்திலிருந்து ஒரு நோக்கு

உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்காக வெளிநாடு செல்வோர் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு வழித்தடங்களையே பேசுகின்றன. ஒன்று பிரித்தானியாவிலிருந்து துருக்கிக்குப் போவது, மற்றது அமெரிக்காவிலிருந்து மெக்சிக்கோவின் திஹுவானாவுக்குப் போவது. இரண்டிலும் நோயாளி புறப்படுவது வலுவான மருத்துவ வசதியுள்ள ஊரிலிருந்து. அவரை இழுப்பது மலிவு அல்லது காத்திருப்புப் பட்டியலின் நீளம். திருகோணமலை நகரை ஒட்டிய அன்புவழிபுரத்தில் வாழும் ஒருவருக்கு இந்தச் சட்டகம் பொருந்தாது. அவருக்குக் கொழும்பே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். சென்னையோ கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைந்த பறப்பு. உள்நாட்டிலும் பயணம், வெளிநாட்டிலும் பயணம் என்றிருப்பவரிடம் ‘வெளிநாடு போகாதே’ என்று சொல்வது அறிவுரையாகாது. சென்னைப் பயணத்தின் ஆபத்தைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தேடுவதை விட, நோயாளி வீடு திரும்பிய பின் வரும் பன்னிரண்டு மாதங்களில் தேடுவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கத்தியின் ஆபத்து. 2009இல் வெளியான அமெரிக்கப் பன்மைய ஆய்வொன்று, முதன்முறையாக இச்சிகிச்சை பெற்ற 4776 பேரைப் பின்தொடர்ந்தது. முப்பது நாட்களுக்குள் இறந்தோர் 0.3 வீதம். மறுபக்கத்தில், 1987இல் தொடங்கிய சுவீடன் ஆய்வு, சராசரியாகப் பதினொரு ஆண்டுகளின் பின், சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு அபாயம் சுமார் 29 வீதம் குறைந்திருந்ததை 2007இல் காட்டியது. எனவே தகுதியுள்ள ஒருவருக்குச் சிகிச்சை பெறாதிருப்பதும் ஓர் ஆபத்தே. ‘தகுதி’ என்ற அந்த நிபந்தனை நம்மவருக்கு இன்னும் கூர்மையானது. ஆசிய உடல்வாகில் நீரிழிவும் இதயநோயும் குறைந்த எடையிலேயே தலைகாட்டுவதால், 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல், ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 27.5ஐத் தாண்டினாலே சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. விஞ்ஞான ரீதியில் இது நியாயம். ஆனால் கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கும்போது விளம்பரம் முந்திக்கொண்டு நுழையும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்னை என்ற பெயரே பாதுகாப்புக்கு உத்தரவாதம் தந்துவிடாது. 2024 ஏப்ரலில், புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னையை அடுத்த பம்மலில் உள்ள தனியார் மருத்துவமனையொன்றில் இச்சிகிச்சைக்காகச் சேர்ந்தார். சிகிச்சையின்போதே நிலைமை மோசமாகி, வேறொரு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, மறுநாள் இறந்தார். விசாரணைக்குப் பின் முதல் மருத்துவமனையின் உரிமத்தைத் தமிழ்நாட்டுச் சுகாதாரத்துறை இடைநிறுத்தியது. இதில் நான் கவனிப்பது அந்த இடமாற்றத்தைத்தான். நோயாளி சரிந்துவிழும் கணத்தில் அதே கட்டடத்துக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவும் இரவிலும் விழித்திருக்கும் மயக்கமருந்து நிபுணரும் உண்டா என்று, கட்டணத்தை விசாரிக்கும் முன் கேட்க வேண்டும்.

ஆனால் பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டியதும் வேறொரு கணக்கு தொடங்குகிறது.

இரைப்பையின் முக்கால் பங்கிற்கு மேல் வெட்டி அகற்றிக் குழாய்போல் ஆக்கும் சிகிச்சையே இன்று பரவலாகச் செய்யப்படுகிறது. தையல் கோட்டில் கசிவு நூறில் ஓரிருவருக்கு ஏற்படலாம். அது மூன்றாம் நாளிலும் வரும். பத்து நாள் கடந்தும் வரும். நாடித்துடிப்பு ஏறுவதும், காய்ச்சலும், இடது தோள்பட்டையில் நோவும் அதன் முதல் அறிகுறிகள். பருத்த வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாமலும் போகலாம். குருதி உறைகட்டிகளும் இப்படித் தாமதமாகவே வருகின்றன. 2017இல் வெளியான, தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோரின் பதிவேட்டு ஆய்வில், ஐந்தில் நான்குக்கு மேற்பட்ட உறைகட்டிகள் நோயாளி வீடு திரும்பிய பிறகே ஏற்பட்டிருந்தன.

நம் ஊரில் விமானத்துக்கு அஞ்சுவோரே அதிகம். உண்மையில் உறைகட்டிக்கான எச்சரிக்கை நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களைப் பற்றியது. சென்னை–கட்டுநாயக்கா அதற்குள் அடங்காது. அஞ்ச வேண்டியது கட்டுநாயக்காவிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாக ஐந்தாறு மணி நேரம் வேனில் கால் மடக்கி அமர்ந்து வரும் தரைவழியைத்தான். இந்திய மின்னணு மருத்துவ விசா 60 நாட்கள் வரை இடம் தருகிறது. நோயாளியை அவசரப்படுத்துவது விசா அல்ல. துணைக்கு வந்தவரின் லீவும், விடுதி வாடகையும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளும்தான் அவசரப்படுத்துகின்றன. மருத்துவமனைகள் விற்கும் ‘பெக்கேஜ்’ கணக்கில் இவை இடம்பெறுவதில்லை.

அடுத்து, கிளினிக் கொப்பி. இலவச மருத்துவத்தின் பெருங்கொடை அது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர் மாதாமாதம் கொப்பியோடு வரிசையில் நின்று அதே குளிசைகளைப் பெற்றுவருவார். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் நீரிழிவு வாரக்கணக்கில் அல்ல, நாள்கணக்கிலேயே தணியத் தொடங்குகிறது. உணவோ கஞ்சித் தண்ணீர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இந்நிலையில் பழைய அளவில் இன்சுலினோ கிளிபென்கிளமைட்டோ தொடர்ந்தால் சீனி ஆபத்தாக இறங்கும். அழுத்தக் குளிசை தொடர்ந்தால் எழும்பும்போது தலைசுற்றி விழ நேரும். சென்னை நிபுணர் நிறுத்தச் சொன்னது ஒரு கடதாசியில் இருக்கும், தொடர வேண்டியது கொப்பியில் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் கண் இல்லாவிட்டால் தவறு யார் மீதும் இல்லாமலே தவறு நடந்துவிடும்.

முழங்கால் நோவும் இந்தப் பட்டியலில் சேரும். பருமனானவர் பலரும் வழக்கமாக டைக்ளோபெனாக் வாங்கிப் போடுபவர்களே. பைபாஸ் முறையில் இரைப்பையைக் குடலோடு இணைத்தவருக்கு அந்தக் குளிசை இணைப்பில் புண்ணை உண்டாக்கலாம். புண் துளையாகவும் ஆகலாம். மருந்துக்கடைக்காரருக்கு இது தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம். நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் நுட்பமான ஆபத்து வாந்தி. முதல் மூன்று மாதங்களில் விடாது வாந்தி எடுப்பவருக்குத் தையமின் என்ற விட்டமின் பீ1 வற்றிப்போகிறது. கண் ஆட்டம், நடைத் தள்ளாட்டம், மனக் குழப்பம் என அது மூளையைத் தாக்கும். வாந்தியென்று வந்தவருக்கு ‘சேலைன்’ ஏற்றுவது எங்கும் வழக்கம். அது குளுக்கோஸ் கலந்ததாக இருந்து, தையமின் முன்னதாகக் கொடுக்கப்படாவிட்டால், நல்லெண்ணமே நரம்பைக் கெடுத்துவிடும். விடுகைத் தாளின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய வரி இது.

உணவைப் பொறுத்தவரை திருகோணமலைக்கு ஓர் அனுகூலம் உண்டு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது நியமம். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும். சூடையும் பாரையும் கரையிலேயே இறங்கும் ஊரில் விலையுயர்ந்த புரதத் தூளைச் சுமந்து வரத் தேவையில்லை. சைவ உணவுக்காரர் பயறு, கடலை, தயிர் என்று கணக்கிட்டுச் சாப்பிட வேண்டும். சிறு இரைப்பையில் அந்த அளவைத் திணிப்பது எளிதல்ல. விரதங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கந்தசஷ்டியின் ஆறு நாளோ, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் ரமழான் நோன்போ, சிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதங்களில் வந்தால் நீரிழப்பு உறுதி. தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பிறைக் கணக்கையும் பார்ப்பது இங்கே மூடநம்பிக்கையல்ல, மருத்துவம்.

பெண்களுக்கு வேறொன்றும் உண்டு. எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதே நேரம் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிக்க வேண்டாம் என்பதே அறிவுரை. பைபாஸின் பின் கருத்தடைக் குளிசை சரிவர உறிஞ்சப்படாமலும் போகலாம். இதை வீட்டு வாசலில் வந்து பேசக்கூடிய ஒருவர் நம்மிடம் உண்டு: குடும்ப சுகாதார உத்தியோகத்தர். இஸ்தான்புல்லிலிருந்து திரும்பும் இலண்டன்காரருக்கு இல்லாத வசதி இது. ஆனால் எடை குறைத்ததை அயலாரிடம் மறைப்பவர் அவரிடமும் மறைத்துவிடுகிறார். வெட்கம் இங்கே ஒரு மருத்துவ ஆபத்துக் காரணி என்றே கொள்ள வேண்டும்.

கிருமிகளைப் பற்றிச் சுருக்கமாக. திஹுவானாவில் எடைக் குறைப்புச் சிகிச்சை பெற்றுத் திரும்பியோரிடம் பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் தொற்று காணப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019 ஜனவரியில் எச்சரித்தது. நம் பக்கத்தில், என்டிஎம்-1 என்ற மருந்தெதிர்ப்பாற்றலின் பரவலை 2010இல் உலகுக்கு எடுத்துக்காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னை மாதிரிகளே 44. இதைக் கொண்டு சென்னையைப் பழிப்பது சிறுபிள்ளைத்தனம். ஆனால் காயம் சீழ்பிடித்து ஊர் வைத்தியசாலைக்குப் போகும்போது, ‘இந்தியாவில் வைத்தியசாலையில் இருந்தேன்’ என்ற வாக்கியத்தை முதலிலேயே சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் சென்னைக்குப் போகிறவரை நான் குறை சொல்லத் தயாரில்லை. காரணம் மொழி. சம்மதப் படிவத்தை வாசித்துச் சந்தேகம் கேட்பதும், நள்ளிரவில் தாதியிடம் நோவு எந்த மாதிரியானது என்று விளக்குவதும் உயிர்காக்கும் செயல்கள். தமிழ் மட்டுமே அறிந்த ஒருவருக்குத் தலைநகர் வைத்தியசாலையில் இது எப்போதும் வாய்க்கும் என்று சொல்ல முடியாது. சென்னையின் அப்பல்லோ மருத்துவமனை 2002இல் கொழும்பில் கிளை திறந்து, அது பின்னர் லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் என்றான பிறகும் வடகிழக்கிலிருந்து சென்னைப் பயணம் ஓயாததற்கு, விலையோடு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இடையில் கடல் இருந்தும் சம்மதம் தெளிவாகக் கிடைக்கிறது. ஆனால் தொடர்சிகிச்சை அறுந்துபோகிறது. எடைபோட வேண்டிய இரு தட்டுகள் இவை.

சட்டம் பெரிய துணையல்ல. இந்திய உச்சநீதிமன்றம் 1995இல் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துள் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையிட இரண்டு ஆண்டுக் கெடு. முறைப்பாட்டாளர் தாம் வாழும் இடத்திலேயே வழக்கிடலாம் என்ற புதிய சலுகை அன்புவழிபுரத்துக்கு எட்டாது. மருத்துவமனை இருக்கும் ஊருக்கே போக வேண்டும். கசிவால் படுத்துக் கிடந்தவருக்கு இரண்டு ஆண்டு விரைவில் கரைந்துவிடும்.

அரசுகள் ஊழல் வெடித்த பிறகே விழிக்கின்றன. 2016 ஜனவரியில், இந்தியர்கள் கொழும்புக்கு வந்து சிறுநீரகம் மாற்றிக்கொண்ட விவகாரம் வெளிப்பட்டபோது, வெளிநாட்டவருக்கான அச்சிகிச்சையை இலங்கை நிறுத்தியது. எதிர்த்திசையில் போகும் எடைக் குறைப்பு நோயாளிகளுக்குத் தடை வேண்டியதில்லை. தடை அவர்களை மேலும் மறைவாக்கும். வேண்டியது எளியது: புறப்படும் முன் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் ஒருமுறை பதிவு, திரும்பியதும் விடுகைத் தாள் கிளினிக் கொப்பியோடு சேர்த்து ஒட்டப்படுதல், பீ12, இரும்பு, விட்டமின் டீ சோதனைகளுக்கு ஆண்டு ஒழுங்கு, சென்னை நிபுணரும் உள்ளூர் வைத்தியரும் பேச ஒரு தொலைபேசி இணைப்பு. இந்த ஒழுங்குக்கு ஒத்துழைக்காத மருத்துவமனையை, அதன் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.